கைப்பேசியைப் பாதுகாப்புச் சாவியாக்குதல்: புளூடூத் இல்லாத மேசைக் கணினியில் செய்து பார்த்தது

வீட்டிலுள்ள மேசைக் கணினியில் கூகுள் கணக்கிற்குள் நுழையக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை நம்பியிருப்பதை விட்டுவிட்டு, கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியையே பாதுகாப்புச் சாவியாக அமைத்த வேலையின் பதிவு இது. பாதுகாப்புச் சாவி என்பது, எண் எதையும் தட்டச்சு செய்யாமல், கையிலுள்ள ஒரு சாதனத்தைக் கொண்டே நாம் யார் என்பதைத் தளத்திற்கு உறுதிப்படுத்தும் வழி. கணினியில் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவும் குரோம் உலாவியும் இயங்குகின்றன. மதர்போர்டில் புளூடூத் கிடையாது. கணக்கு அமைப்புகளில் செய்ய வேண்டியவை தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடக்கூடியவை என்றாலும், புளூடூத் இல்லாத அந்தக் குறைதான் வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. ஆகவே அதைப் பற்றியும், எல்லாம் ஓடத் தொடங்கிய பின் செய்து பார்த்த சோதனைகளைப் பற்றியும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓடிபி ஏன் போதவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி நம் எண்ணை வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி ஒருபுறம் இருக்க, அதைவிட எளிய வழி போலி நுழைவுப் பக்கம். உண்மையான பக்கத்தைப் போலவே வடிவமைக்கப்பட்ட ஒரு பக்கத்தில் நாம் கடவுச்சொல்லையும் ஆறிலக்க எண்ணையும் இட்டால், பின்னால் இருக்கும் நிரல் அதே நொடியில் அவற்றை உண்மையான தளத்தில் இட்டு உள்ளே போய்விடுகிறது. செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணாக இருந்தாலும் இதில் வேறுபாடு இல்லை, ஏனெனில் அந்த 30 நொடி மோசடிக்காரருக்குத் தாராளமாகப் போதும். நியூயார்க் பல்கலைக்கழகம், சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களுடன் சேர்ந்து கூகுள் 2019 மே மாதம் வெளியிட்ட முடிவுகளின்படி, பலருக்கும் மொத்தமாக அனுப்பப்படும் போலிப் பக்கத் தாக்குதல்களில் 96 விழுக்காட்டைக் குறுஞ்செய்தி எண் தடுத்தது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து நடத்தப்பட்ட தாக்குதல்களில் அது 76 விழுக்காட்டையே தடுத்தது. பாதுகாப்புச் சாவியைப் பயன்படுத்தியவர்களிடம் இவ்விரு வகைத் தாக்குதல்களும் முழுமையாகத் தோற்றன.

கைப்பேசியே அந்தச் சாவியாக முடியும் என்பது புதிய செய்தி அன்று. இத்தகைய சாவிகளால் தளங்களில் நுழைவதற்கான வெப்ஆத்தன் என்னும் இணைய நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019 மார்ச்சில் ஏற்றது. அடுத்த மாதமே ஆண்ட்ராய்டு 7 முதலான கைப்பேசிகளைச் சாவியாகப் பயன்படுத்தும் வசதியைக் கூகுள் அறிவித்தது. 2020 ஜனவரியில் ஐபோன்களும் சேர்ந்தன. 2023 மே மாதம் கூகுள் கணக்குகளுக்குக் கடவுச்சாவி, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் பாஸ்கீ, வந்தபின் பழைய ஏற்பாடு அதனுள் கலந்துவிட்டது. இதைச் சொல்லக் காரணம், 2019, 2020 காலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இருக்கும் பட்டிப்பெயர்கள் இன்றைய கணக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இல்லை என்பதே. இன்று தேட வேண்டிய இடம், பாதுகாப்புப் பகுதியில் கடவுச்சாவிகளும் பாதுகாப்புச் சாவிகளும் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டிருக்கும் பக்கம்.

இனி புளூடூத். கைப்பேசியும் கணினியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள இந்த முறை பயன்படுத்துவது குறைந்த ஆற்றல் புளூடூத் என்னும் வகையை. அது 2010இல் வெளியான புளூடூத் 4.0 தரத்தோடுதான் வந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய டாங்கிளை, அதாவது யூஎஸ்பி துளையில் செருகும் சிறு புளூடூத் கருவியை, செருகியதும் உபுண்டு அதை உடனே கண்டுகொண்டது, காதொலிப்பானோடு இணையவும் செய்தது. ஆனாலும் குரோம் கைப்பேசியைத் தேடும் நிலையைத் தாண்டி நகரவில்லை. புளூடூத் மேலாண்மைக் கட்டளையில் சாதனத்தின் தகவலைக் கேட்டபோது, அது ஆதரிக்கும் வசதிகளின் வரிசையில் குறைந்த ஆற்றல் வகையைக் குறிக்கும் 'எல்இ' என்னும் சொல் இல்லை. அந்த ஒரு சொல் இல்லையென்றால் டாங்கிள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இந்தக் காரியத்திற்கு உதவாது என்பதால், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புதிய டாங்கிள் ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியில் 4.0 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

புதியதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அதனுள் இருந்தது ரியல்டெக் சில்லு. இவ்வகைச் சில்லுகள் ஒவ்வொரு முறை செருகப்படும்போதும் தம்மை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் கோப்பை இயங்குதளத்திடமிருந்து பெற்றுக்கொண்டால்தான் உயிர்பெறும். இயங்குதளத்தின் கருவான கெர்னல் தரும் செய்திகளைப் பார்த்தபோது அந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி தெளிவாகவே இருந்தது. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்து, டாங்கிளை எடுத்துவிட்டு மீண்டும் செருகியதும் அந்த வரி மறைந்தது. அதன் பிறகும் புளூடூத் அணைந்தே இருந்ததற்குக் காரணம் ஆர்எஃப்கில் என்னும் மென்பொருள் பூட்டு. அதையும் ஒரு கட்டளையில் திறந்தாயிற்று. விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தியில் சொன்ன எதுவும் பெரும்பாலும் தேவைப்படாது. டிரைவர் தானாக நிறுவப்பட்டுவிடும்.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது. பெட்டியின் பின்புறமுள்ள நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், அருகே வெளிப்புற வன்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது டாங்கிளைச் செருகினால், கைப்பேசி மேசைமேல் இருந்தாலும் இணைப்பு சில நேரம் கிடைத்தது, சில நேரம் கிடைக்கவில்லை. யூஎஸ்பி 3.0 தரவோட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புவது இன்டெல் நிறுவனமே 2012இல் அளந்து எழுதியிருக்கும் விஷயம். புளூடூத் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு முழ நீளமுள்ள நீட்டிப்புக் கம்பியின் வழியாக டாங்கிளை முன்பக்க யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றியதும் தடுமாற்றம் நின்றது.

கைப்பேசியின் பக்கம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், திரைப்பூட்டும், புளூடூத்தும் இருந்தால் போதும். கணக்கிலுள்ள கடவுச்சாவிப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது என் கைப்பேசியின் பெயரில் ஒரு கடவுச்சாவி ஏற்கெனவே இருந்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை இணைக்கும்போதே அது தானாக உருவாக்கப்பட்டுவிடுகிறது என்பதால் பலருக்கும் சாவி கையில் இருந்தும் தெரியாமலே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் கைமாறிவிட்ட ஒரு பழைய கைப்பேசியின் பெயரும் அதே பட்டியலில் இருந்ததால் அதை முதலில் நீக்கினேன். அந்தக் கைப்பேசி துடைக்கப்பட்டுத்தான் கைமாறியது என்றாலும், பட்டியலில் தேவையற்ற பெயர் இருப்பது நல்லதன்று.

பிறகு கணினியில் குரோமில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, மின்னஞ்சல் முகவரியை இட்டு, வேறு சாதனத்தில் இருக்கும் கடவுச்சாவியைப் பயன்படுத்தும் வழியைத் தெரிவு செய்தேன். திரையில் க்யூஆர் குறியீடு தோன்றியது. கைப்பேசிக் கேமராவைக் காட்டியதும் சாதனத்தோடு இணைகிறது என்ற செய்தி வந்து, உடனே விரல்ரேகையைக் கேட்டது. விரலை வைத்ததும் கணினியில் கணக்கு திறந்தது. கைப்பேசியையும் கணினியையும் புளூடூத் பட்டியலில் ஒருமுறைகூட இணைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படி இணைக்கத் தேவையில்லை. இணைத்தாலும் இந்த முறை அதைப் பயன்படுத்துவதில்லை.

அந்தச் சில நொடிகளில் நடப்பதை அறிந்துகொண்டால் பின்வரும் சோதனைகள் விளங்கும். க்யூஆர் குறியீட்டினுள் இருப்பது, இவ்வகைச் சாவிகளுக்கான தரத்தின் பெயரான ஃபைடோ என்று தொடங்கி இலக்கங்களாகவே நீளும் ஒரு சரம். இலக்கங்களை மட்டும் வைத்தால் க்யூஆர் கட்டங்கள் குறைவாகப் போதுமானதாக இருக்கும் என்பதால் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கணினி அந்த நேரத்திற்கென உருவாக்கிய பொதுச்சாவியும் 16 பைட் நீளமுள்ள ஓர் இரகசியமும் அச்சரத்தில் அடங்கியுள்ளன. அதைப் படித்த கைப்பேசி, இணையத்தில் உள்ள ஓர் இடைநிலை வழங்கியோடு (சர்வரோடு) தொடர்புகொண்டு அங்கே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதே வேளையில், அந்த இரகசியத்தால் மறையாக்கப்பட்ட 20 பைட் நீளமுள்ள சிறு அறிவிப்பைப் புளூடூத் வழியாகச் சுற்றுப்புறத்தில் ஒலிபரப்புகிறது. கணினியின் டாங்கிள் அந்த அறிவிப்பைக் கேட்டு, மறைநீக்கி, எந்த வழங்கியில் எந்த இடத்திற்குப் போக வேண்டும் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்கிறது. அதன் பின் எல்லா உரையாடலும் இணையத்தின் வழியாக, இடைநிலை வழங்கியால் படிக்க முடியாதபடி மறையாக்கத்தோடு நடக்கிறது. ஆக, புளூடூத் இங்கே தரவைச் சுமப்பதற்காக இல்லை. கைப்பேசி இந்தக் கணினியின் அருகில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி சொல்லவே இருக்கிறது. டாங்கிள் வாங்கும் செலவைத் தவிர்க்க இந்தப் படியைத் தவிர்த்திருக்கலாமே என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியது. முறையைப் படித்த பின் அந்த எண்ணம் போய்விட்டது.

சாட்சி எவ்வளவு கறாரானது என்று பார்க்கத் தம்பியின் உதவியை நாடினேன். வேறு ஊரிலுள்ள தன் மடிக்கணினியில் என் மின்னஞ்சல் முகவரியை இட்டு, தோன்றிய க்யூஆர் குறியீட்டைப் படமெடுத்து அவர் எனக்கு அனுப்பினார். அதை என் கணினித் திரையில் பெரிதாக்கி வைத்துக் கைப்பேசியால் படித்தேன். கைப்பேசி அதை ஏற்றுக்கொண்டு இணைய முயன்றுகொண்டே இருந்து, கடைசியில் கைவிட்டது. விரல்ரேகை கேட்கும் கட்டமே வரவில்லை. அவருடைய மடிக்கணினிக்கு என் கைப்பேசியின் ஒலிபரப்பு கேட்காததால் அதற்கு எந்த இடத்திற்குப் போவதென்று தெரியவில்லை, கைப்பேசிக்கும் கோரிக்கை வந்து சேரவில்லை. போலிப் பக்கத்தில் க்யூஆர் குறியீட்டைக் காட்டி ஏமாற்றும் ஒருவருக்கும் நிகழக்கூடியது இதுவே. 2025 ஜூலையில் எக்ஸ்பெல் என்னும் பாதுகாப்பு நிறுவனம், மோசடிக்காரர்கள் இந்தக் க்யூஆர் வழியைப் பயன்படுத்திச் சாவியை மீறிவிட்டதாக எழுதி, பின்னர் அத்தாக்குதல் நுழைவை நிறைவு செய்யவில்லை என்று தானே திருத்திக்கொண்டது. அருகிருப்புச் சோதனையைக் கணக்கில் கொள்ளாததால் நேர்ந்த பிழை அது.

அதற்காக இதில் ஓட்டையே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. க்யூஆர் குறியீட்டில் வரும் அதே ஃபைடோ சரத்தை, ஒரு வலைப்பக்கம் இணைப்பாக மாற்றிக் கைப்பேசி உலாவியைத் திறக்கச் செய்ய முன்பு வழி இருந்தது. புளூடூத் எல்லைக்குள், அதாவது அதே தேநீர்க்கடையில் அல்லது அதே ரயில் பெட்டியில், ஒரு சிறு கருவியோடு அமர்ந்திருப்பவர் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. 2024 அக்டோபரில் வெளியான குரோம் 130 இதை அடைத்தது. கைப்பேசியிலுள்ள உலாவியைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கைப்பேசியில் புளூடூத்தை அணைத்திருந்தால் அதை இயக்கும்படி கேட்கிறது, தானாக இயக்கிக்கொள்வதில்லை. கைப்பேசியின் இணையத்தை நிறுத்தினால், கணினி பக்கத்திலேயே இருந்தாலும் நுழைய முடிவதில்லை. சிக்னல் கிடைக்காத இடங்களுக்குப் போகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இடைநிலை வழங்கிகளாக இன்று இருப்பவை இரண்டு: கூகுளின் 'கேபிள்.யூஏ5வி.காம்', ஆப்பிளின் 'கேபிள்.ஆத்.காம்'. அலுவலக வலையமைப்புகளில் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் மட்டுமே திறக்கும்படி வைத்திருந்தால் இவ்விரண்டையும் அனுமதிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். எது எங்கே நின்றுபோகிறது என்பதை அறியக் குரோமின் உட்பக்கங்களுள் ஒன்றான 'டிவைஸ் லாக்' மிகவும் உதவியது. அதில் ஃபைடோ வகையை மட்டும் தெரிவு செய்தால், ஒலிபரப்பைக் கேட்டதா, வழங்கியோடு இணைந்ததா என்பதெல்லாம் வரிவரியாகத் தெரிகிறது. டாங்கிள் சிக்கலை இடம் மாற்றித் தீர்க்கலாம் என்று புரிந்ததும் அதைப் பார்த்துத்தான்.

எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது முகவரிச் சோதனை. போலிப் பக்கத்தின் கோரிக்கைக்குச் சாவி கையெழுத்திட்டுவிட்டால் மேற்கண்ட ஏற்பாடு அனைத்தும் வீண். வெப்ஆத்தன் முறையைப் பரிசோதிப்பதற்கென்றே உள்ள ஒரு தளத்தைத் திறந்து, அங்கே உலாவியில் நிரல் எழுதி இயக்கும் இடமான கன்சோலில் கூகுளின் களப்பெயரை (டொமைனை) குறிப்பிட்டுக் கடவுச்சாவியைக் கேட்கும் கோரிக்கையை எழுதி இயக்கினேன். க்யூஆர் குறியீடுகூடத் தோன்றவில்லை. பாதுகாப்புப் பிழை என்ற செய்தியோடு உலாவி அங்கேயே நிறுத்திவிட்டது. தான் நிற்கும் பக்கத்தின் களப்பெயர் எது என்பதை உலாவி அறியும். தொடர்பில்லாத களத்தின் சாவியைக் கேட்க அது விடுவதில்லை. கைப்பேசி கையெழுத்திடும் தரவில் களப்பெயரிலிருந்து கணக்கிடப்பட்ட ஹாஷ் என்னும் குறியும், உலாவி குறித்துத்தந்த பக்க முகவரியும் இடம்பெறுவதால், நடுவில் இருப்பவர் எதையேனும் மாற்றினால் உண்மையான தளம் அந்தக் கையெழுத்தை ஏற்பதில்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்கும் பொறுப்பை இது மனிதரிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஓடிபிக்கும் இதற்குமுள்ள வேறுபாடு எதுவென்று யாரேனும் கேட்டால் நான் காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

இத்தோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடவுச்சாவி வந்த பின்னும் கடவுச்சொல்லும் குறுஞ்செய்தியும் கணக்கில் அப்படியே இருக்கின்றன. நுழைவுப் பக்கத்தில் 'வேறு வழியை முயல்க' என்பதைத் தொட்டால் அந்த வழி திறக்கிறது. வாசலுக்குத் தேக்குக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தட்டியால் மறைத்து வைத்ததைப் போன்ற நிலை அது. எனவே இருபடிச் சரிபார்ப்பிலிருந்து தொலைபேசி எண்ணை நீக்குவதே என் நோக்கம். ஆனால் அதைச் செய்வதற்கு முன் கைப்பேசி தொலைந்தால் என்ன ஆகும் என்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கூகுள் அல்லாத மற்ற தளங்களுக்கென ஆண்ட்ராய்டில் உருவாக்கும் கடவுச்சாவிகள் கூகுளின் கடவுச்சொல் நிர்வாகியில் சேமிக்கப்பட்டு, புதிய கைப்பேசி வாங்கினால் அங்கே திரும்பக் கிடைக்கும். ஆனால் அவற்றைப் பெற முதலில் கூகுள் கணக்கிற்குள் நுழைய வேண்டும். அந்தக் கூகுள் கணக்கிற்கான சாவி தொலைந்துபோன கைப்பேசியில் மட்டுமே இருந்தால், பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இதற்காக இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். கூகுள் தரும் காப்புக் குறியீடுகள் பத்தையும் அச்சிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் கொண்டது, ஒருமுறை பயன்படுத்தினால் தீர்ந்துபோவது. அதோடு, யூஎஸ்பி வகைப் பாதுகாப்புச் சாவி ஒன்றை வாங்கிக் கணக்கில் சேர்த்தேன். அதற்கு இணையமோ புளூடூத்தோ மின்கலமோ தேவையில்லை என்பதால், கைப்பேசி சார்ஜ் இறங்கிக் கிடக்கும் நாளுக்கும் அதுவே போதும். செலவை எண்ணித் தயங்குபவர்கள், வீட்டில் பயன்படாமல் கிடக்கும் இன்னொரு ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே கணக்கை இணைத்து இரண்டாம் சாவியாக வைத்துக்கொள்ளலாம். அதற்குத் திரைப்பூட்டு இருக்க வேண்டும், அவ்வப்போது மென்பொருளைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இவை அமைந்த பின் கைப்பேசியை அணைத்துவிட்டு, யூஎஸ்பி சாவியால் ஒருமுறையும் காப்புக் குறியீட்டால் ஒருமுறையும் நுழைந்து பார்த்தேன். இரண்டும் வேலை செய்வதை உறுதிப்படுத்திய பிறகே இருபடிச் சரிபார்ப்பிலிருந்து தொலைபேசி எண்ணை நீக்கினேன். மீட்பு எண்ணாக அது இருப்பது வேறு இடம், வேறு முடிவு; வயதான பெற்றோரின் கணக்கென்றால் மீட்பு எண்ணை விட்டுவைப்பதே நல்லது என்பது என் கருத்து. இன்னும் கறாராக வேண்டுவோருக்குக் கூகுளின் மேம்பட்ட பாதுகாப்புத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் அதில் சேர இரண்டு தனிச் சாவிகளை வாங்க வேண்டியிருந்தது; 2024 ஜூலை முதல் கைப்பேசிக் கடவுச்சாவி ஒன்றே போதும். ஆயினும் அது பிற நிறுவனச் செயலிகள் மின்னஞ்சலையும் கோப்புகளையும் தொடுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இதழியலாளர்களுக்கும் தேர்தல் பணியில் இருப்பவர்களுக்கும் அது பொருத்தமாக இருக்கும். மின்னஞ்சலை வேறு செயலிகளில் படிக்கும் எனக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

கடைசியாக மாற்றியது கைப்பேசியின் திரைப்பூட்டை. விரல்ரேகை பதியாதபோது கைப்பேசி திரைப்பூட்டு எண்ணையே கேட்கிறது. ஆகவே அந்த எண்ணை அறிந்த யாரும், கைப்பேசி கையில் இருக்கும்வரை, இந்தக் கணக்கிற்குள் நுழைய முடியும். வீட்டில் எல்லோரும் அறிந்திருந்த நாலிலக்க எண்ணை எடுத்துவிட்டு நீளமான ஒன்றை வைத்தேன். வெளியூரில் பிறர் கணினியில் நுழைய நேர்ந்தால் க்யூஆர் வழியே மிகப் பொருத்தமானது, ஏனெனில் அந்தக் கணினியில் கடவுச்சொல் தட்டச்சு செய்யப்படுவதும் இல்லை, சாவி அங்கே தங்குவதும் இல்லை. அங்கே புதிய கடவுச்சாவியை உருவாக்கட்டுமா என்று கூகுள் கேட்டால் மறுத்துவிட்டு, வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும்.